"ரெண்டு வருஷம் ஏன்?" - குருதிப் புற்றுநோய் மருந்துகள் வந்த வழி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

நமது ஊர்ப் பிள்ளை ஒருவர் மஹரகமையில் குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பது பலருக்கும் தெரியும். யார் என்று நான் எழுத மாட்டேன், கொமண்டிலும் தயவுசெய்து எழுத வேண்டாம். அல்ஹம்துலில்லாஹ், முதல் கட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து போகிறார். போன கிழமை அந்தப் பிள்ளையின் வாப்பா என்னிடம் கேட்டார்:

"சேர், ரத்தத்தில இப்ப நோய் தெரியல்லண்டு டொக்டரே சொல்றார். பிறகும் ரெண்டு வருஷத்துக்கு மேல மருந்தாம். புள்ள நோயால இல்ல, மருந்தாலதான் வாடிப் போறான். நிப்பாட்டினா என்ன? பாக்க வாற ஆக்களெல்லாம் இதத்தான் சொல்றாங்க."

நான் வைத்தியன் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் அந்தக் கேள்விக்கான விடை வரலாற்றில்தான் இருக்கிறது. அன்று அவரிடம் சொன்னதை, அவரது அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பார்க்கப் போகிறவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக.

இந்த நோய்க்குப் பெயர் வந்து 170 வருடங்களுக்கு மேலாகிறது. 1845 இல் எடின்பரோவில் பென்னட் என்ற வைத்தியரும் ஜேர்மனியில் விர்ச்சோ என்பவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதை விவரித்தார்கள். விர்ச்சோ வைத்த பெயரின் பொருள் "வெள்ளைக் குருதி". என்பு மச்சையில் முதிராத வெண்குழியங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, செங்குழியங்களுக்கும் குருதிச் சிறுதட்டுகளுக்கும் இடமில்லாமல் செய்துவிடும். அதனால்தான் வெளிறல், காய்ச்சல், முரசில் இரத்தம், தோலில் நீலப் புள்ளிகள். பெயர் கிடைத்ததே தவிர, மருந்து கிடைக்க இன்னும் நூறு வருடங்கள் சென்றன. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகள் சில கிழமைகளில், கூடினால் சில மாதங்களில் மௌத்தானார்கள்.

மருந்தின் கதை தொடங்குவது நமது சமையலறையில் இருக்கும் ஒரு போத்தலில். 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கடுமையான குருதிச்சோகை. பல உணவுகளைச் சோதித்துப் பார்த்து, கடைசியில் மலிவான மாமைட் கொடுத்தபோது அது சுகமாவதைக் கண்டார். அதிலிருந்த பொருள்தான் பின்னர் போலிக் அசிட் எனப்பட்டது. இன்று கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கிற அதே குளிசைதான். அதை அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த எல்லப்ரகட சுப்பாராவ். இவ்வளவு பெரிய மனிதரின் பெயர் நமது பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறை.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்றொருவர் இருந்தார். நோயியல் வைத்தியர், அதாவது இறந்த பிள்ளைகளின் உடல்களைப் பரிசோதிக்கிறவர். குருதிச்சோகைக்கு நல்லது என்றால் இதற்கும் நல்லதாக இருக்கலாம் என்று நினைத்து, குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குப் போலிக் அசிட் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாகப் பெருகுவது போலத் தெரிந்தது. தவறான மருந்துதான், ஆனால் அதுவே வழியைக் காட்டியது. போலிக் அசிட் நோய்க் கலங்களுக்குத் தீனி என்றால், அதைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் ஆய்வுகூடத்திலிருந்து, போலிக் அசிட்டைப் போலவே தோற்றமளித்து கலங்களை ஏமாற்றுகிற அமினொப்டெரின் என்ற மருந்து வந்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகள். அவர்களில் 10 பேருக்கு முன்னேற்றம். படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழும்பி விளையாடினார்கள். பலருக்கு வாய் முழுக்கப் புண் வந்தது, அதையும் அவர் மறைக்காமல் எழுதினார். நமது பிள்ளை இன்று வாய்ப்புண்ணால் சோறு தின்ன முடியாமல் அழுகிறாரே, அது இந்த மருந்துக் குடும்பத்தோடு முதல் நாளிலிருந்தே வருகிற வேதனை. வேகமாகப் பெருகும் கலங்களை மருந்து அடிக்கும்போது வாயின் உட்தோலும் மயிர் வேரும் சேர்ந்தே அடிபடுகின்றன.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

இனித்தான் வாப்பாவின் கேள்விக்கான இடம். அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது தற்காலிகச் சுகம்தான். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. குருதியில் ஒன்றும் தெரியாமலிருந்தும் ஏன் திரும்பியது? 1960 களில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்ற ஆய்வாளர் எலிகளில் இதை அளந்தார். ஒரேயொரு நோய்க் கலம் மிஞ்சினாலும் எலி செத்தது. அத்தோடு, ஒவ்வொரு தடவை கொடுக்கும் மருந்தும் இத்தனை கலங்கள் என்று கொல்வதில்லை, நூற்றுக்கு இத்தனை என்றுதான் கொல்கிறது. கணக்குப் பாடம் போல யோசியுங்கள். இலட்சம் கோடி கலங்களில் 99 வீதம் அழிந்தாலும் ஆயிரம் கோடி மிச்சம். நுணுக்குக்காட்டியில் பார்க்கிறவருக்கு அது அநேகமாகத் தெரியாது. "நோய் தெரியல்ல" என்பதும் "நோய் இல்ல" என்பதும் ஒன்றல்ல.

இந்த நேரத்தில் இன்னொரு மருந்து வந்தது. நமது மையவாடிகளில் தானாகவே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூ, சிங்களத்தில் மினி மல், அதன் பிறப்பிடம் மடகஸ்கார். யமேக்காவில் சனங்கள் நீரிழிவுக்கு அதன் இலையை அவித்துக் குடிப்பதாகக் கேள்விப்பட்டு, 1952 இல் அங்கிருந்து ஒருவர் இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். ரொபர்ட் நோபல் என்ற ஆய்வாளர் எலிகளில் சோதித்தார். சீனி குறையவில்லை. ஆனால் எலிகளின் வெண்குழியங்கள் குறைந்து, அவை தொற்று வந்து செத்தன. நீரிழிவு மருந்து தேடியவருக்குப் புற்றுநோய் மருந்து அகப்பட்டது. இன்றும் பிள்ளைகளுக்கு நாளத்தில் ஏற்றும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான்.

உடனே யாரும் பட்டிப்பூ அவிக்கப் புறப்பட வேண்டாம். ஒரு கிராம் மருந்து பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அளவு கொஞ்சம் பிசகினாலும் நஞ்சு. சரியான அளவிலேயே இது நரம்பைப் பாதிக்கும். மலச்சிக்கல் வரும், தாடை வலிக்கும், கால் தடுக்கும், விரலில் பிடி குறையும். பாடசாலைக்குத் திரும்பும் பிள்ளையின் எழுத்து கோணலாக இருந்தால் ஆசிரியர்கள் ஏச வேண்டாம். பெரும்பாலும் மெதுவாகச் சரியாகிவிடும். ஸ்டீரொயிட் குளிசையால் முகம் உப்பும், பசி கூடும், காரணமில்லாமல் கோபம் வரும். அதைப் பார்த்துவிட்டு "நல்லா கொழுத்திருக்காரே" என்று சொல்கிறவர்களை என்ன சொல்வது!

1960 களின் ஆரம்பத்தில் அமெரிக்க அரச ஆய்வு நிலையத்தில் ஃப்ரைரைக், ஃப்ரே என்ற இருவர் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கத் துணிந்தார்கள். "பிள்ளைகளைக் கொல்லப் போகிறீர்கள்" என்று சக வைத்தியர்களே எதிர்த்தார்கள். அந்த வார்ட்டில் தலையணையெல்லாம் இரத்தமாக இருக்குமாம். இரத்தப்போக்குக்குக் காரணம் சிறுதட்டுக் குறைவுதான் என்று காட்டி, சிறுதட்டு ஏற்றும் முறையை நிலைநிறுத்தியவரும் ஃப்ரைரைக்தான். நான்கு மருந்துக்கும் நோய் அடங்கியது. ஆனால் சில மாதங்களில் பிள்ளைகள் தலையிடி, வாந்தி என்று திரும்பி வந்தார்கள். மருந்து எட்டாத மூளைப் பக்கத்தில் நோய்க் கலங்கள் ஒளிந்திருந்தன.

அதற்கு வழி கண்டது மெம்பிஸ் நகரில் 1962 இல் திறந்த செயின்ட் ஜூட் வைத்தியசாலை. லெபனான் வம்சாவளி நகைச்சுவை நடிகர் டனி தோமஸ், அமெரிக்காவில் குடியேறிய அரபு மக்களிடம் நிதி சேர்த்துக் கட்டியது. கறுப்பர், வெள்ளையர் பிரிந்தே இருந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வார்ட்டு. அங்கே டொனால்ட் பின்கல் என்ற வைத்தியர் முதலில் நோயை அடக்கி, பின் முதுகுத்தண்டில் ஊசியும் தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, அதன்பிறகு இரண்டு மூன்று வருடங்கள் குளிசைகளைத் தொடர்ந்தார். 1960 களின் கடைசியில் தொடங்கிய அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் நிரந்தரமாகச் சுகமானார்கள். நம்மிடம் சொல்லப்படும் "ரெண்டு வருஷம்" என்பதன் வேர் அங்கேதான்.

அதற்கும் விலை இருந்தது. தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற சிலருக்குப் படிப்பில் பின்னடைவு, வளர்ச்சிக் குறைவு, பல வருடங்களுக்குப் பின் மூளையில் வேறு கட்டி. வைத்தியர்கள் அதையும் பதிந்து, அளவைக் குறைத்துக் குறைத்து, 2000 க்குப் பின் அதே வைத்தியசாலை கதிர்வீச்சே இல்லாமல் சிகிச்சை செய்தது. 2009 இல் வெளியான முடிவில் ஐந்து வருடங்கள் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 93 க்கும் மேல். எல்லா நாட்டிலும் இந்தக் கணக்கு வராது, எல்லா வகைக் குருதிப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. ஆனாலும் நூற்றுக்குப் பூச்சியத்திலிருந்து வந்த தூரம் அது.

இனி குளிசை. வீட்டில் தினமும் கொடுக்கும் மெர்கப்டோபியூரின் ஜேர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானி 1950 களின் தொடக்கத்தில் கண்டது. பெண் என்பதால் ஆரம்பத்தில் ஆய்வுகூட வேலையே கிடைக்காதவர், 1988 இல் நோபல் பரிசு பெற்றார். நூறு குளிசையில் ஐந்துக்கு மேல் தவறவிட்ட பிள்ளைகளில் நோய் திரும்புவது கூடுதல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மறுபக்கம், நம் போன்ற ஆசிய நாட்டவர் சிலரின் உடம்பில் இதே மருந்து சாதாரண அளவிலேயே வெண்குழியங்களைக் கடுமையாக வீழ்த்தும், பரம்பரைக் காரணம். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்து அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமானால் அதை வைத்தியர் செய்யட்டும், வீட்டில் முடிவெடுக்க வேண்டாம்.

வாப்பா கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இந்த ரெண்டு வருஷமும் கண்ணுக்குத் தெரியாததத் தேடி அடிக்கிற ரெண்டு வருஷம்" என்றார். நான் இவ்வளவு சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஊருக்கு மூன்று விடயங்கள். நோயாளியைப் பார்க்கப் போவது நல்ல அமல்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு வெண்குழியம் குறைந்திருக்கும் நாட்களில் நமது சாதாரணத் தடிமனும் ஆபத்து. முதலில் கோல் எடுத்துக் கேளுங்கள், வாசலில் நின்று ஸலாம் சொல்லி துஆ செய்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்தது, உங்கள் பிள்ளைக்கு கொப்புளிப்பானோ சின்னமுத்தோ வந்தால் அன்றைக்கே வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள், சொல்லாமல் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். மற்றது இரத்தம். சிறுதட்டுகளை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நோன்புப் பெருநாள் கிழமையில் இரத்ததான முகாம்கள் குறையும், ஆனால் வார்ட்டில் பிள்ளைகள் அப்போதும் இருப்பார்கள். முகாம் வைக்க விருப்பமுள்ள பள்ளிவாசல் நிர்வாகிகள் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள், இரத்த வங்கியோடு கதைக்கிற வேலையை நான் பார்க்கிறேன்.