முருங்கைக்காயன் 302: வாவிக்கரை நெல்லும் ஆராய்ச்சிப் பணமும்

பெயரிலேயே உழவரைக் கொண்ட பி.எச். பார்மர் 1977இல் தொகுத்து வெளியிட்ட 'பசுமைப் புரட்சி?' என்ற நூலைத் தொடாமல் இலங்கை நெல் ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவோர் குறைவு. அந்நூல் தமிழகத்தில் வட ஆர்க்காட்டையும் இலங்கையில் அம்பாந்தோட்டையையும் களமாக எடுத்துக்கொண்டது. களப்பணியின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அம்பாந்தோட்டையை வைத்து வரண்ட வலயம் முழுவதையும் படிக்கும் பழக்கம் அதற்குப் பின் நிலைத்துவிட்டதுதான் என் வழக்கு. 1957இல் வந்த அவருடைய குடியேற்ற நூலுக்கும் வரண்ட வலயமே சட்டகம். அந்தச் சட்டகத்தில் தண்ணீர் என்றால் பற்றாக்குறை. மட்டக்களப்பு வாவிக்கரையில் அது பாதிக் கதைதான்.

ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் நிலம் வரண்ட வலயம். மட்டக்களப்பு அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கிறது. ஆனால் அம்மழையின் பெரும்பகுதி மாரியின் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி நிரம்பினால் அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் பள்ளக்காணிகள் மூழ்கும். அப்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடு என்பார் வேளாண்மைக்காரர். இப்போதே வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பார் தோணிக்காரர். வெட்டிய வாய்வழி வெள்ளம் வடியும். மழை ஓய்ந்தபின் அதே வாய்வழி உவர் ஏறும். மாரியில் வெள்ளம், கோடையில் உப்பு: இரண்டையும் ஒரே வயல் தாங்கவேண்டும். காலநிலை மாற்றம் என்ற சொல் வருமுன்பே இங்கே இருந்த சிக்கல் இது. 2011 ஜனவரி வெள்ளம் அதைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவே.

இனி நான் தங்கிநிற்க விரும்பும் ஒரேயொரு வரி. இலங்கை நெல்லினங்களின் வம்சாவளிப் பட்டியலில் எச்-4 என்ற இனத்துக்கு நேரே 'முருங்கைக்காயன் 302 × மாஸ்' என்றிருக்கிறது. மாஸ் இந்தோனேசிய நெல். முருங்கைக்காயன் நம் நெல். 302 என்பது கலப்பு விதையிலிருந்து தனிவழியாகத் தெரிந்தெடுத்ததற்கு இட்ட எண். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெக்டர் வீரரத்னவின் முயற்சியில் உருவான எச்-4 வெளிவந்த ஆண்டு 1958. மணிலாவுக்கு அருகே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது 1960இல், அதன் ஐ.ஆர்.8 நெல் வந்தது 1966இல். இலங்கையின் முதல் பெரும் நெற்பாய்ச்சல் அந்த நிலையத்தை நிறுவிய ஃபோர்ட், ரொக்பெல்லர் அறக்கட்டளைகளின் பணத்துக்கு முந்தியது, விவசாயத் திணைக்களத்துக்குள்ளேயே பிறந்தது.

முருங்கா என்ற சொல் சிங்களத்திலும் உண்டு. ஆனால் 'காயன்' என்ற முடிவு தமிழ். பச்சைப்பெருமாள், வெள்ளை இளங்கலையன் முதலான பெயர்களோடு அது ஒரே குடும்பம். சில பட்டியல்களில் வால் நறுக்கப்பட்டு வெறும் 'முருங்கா' ஆகியிருக்கிறது. வால் போனால் வந்த வழியும் போயிற்று. பெயர் தமிழாக இருப்பதால் விதை மட்டக்களப்பில் எடுக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. வன்னியும் யாழ்ப்பாணமும் அதே உரிமையைக் கோரலாம். ஆயினும் தமிழ் பேசும் உழவர் பேணிய விதையொன்று அந்தப் பாய்ச்சலின் ஒரு காலாக இருந்தது என்பதை மறுக்க இடமில்லை.

பசுமைப் புரட்சிக் கணக்கில் எச்-4 'பழைய மேம்பட்ட இனம்', அதாவது முன்னுரை மட்டுமே. நெட்டைப் பயிர், உரம் கூடினால் சாயும் என்பது அதன்மேல் வைத்த குற்றம். பள்ளக்காணிக்காரனிடம் கேட்டிருந்தால், வெள்ளத்துக்கு மேலே தலைகாட்டும் உயரத்தைக் குறை என்று சொல்லியிருப்பானா? உப்பையும் நீரையும் சேர்த்துத் தாங்கும் கேரளத்துப் பொக்காளியும் நெட்டைதான். என் வாதம் இங்கே மெலிந்த கிளையில் நிற்கிறது என்பது தெரியும்: கதிர் முற்றியபின் தை மழை பெய்தால் அதே உயரம் சூட்டடிக்கு முன்பே விளைச்சலைச் சேற்றில் கிடத்திவிடும். ஆனாலும் ஆய்வுநிலையத்து அளவுகோல் எந்த வயலில் வெட்டப்பட்டது என்ற கேள்வி தீரவில்லை.

அதே அளவுகோல் ஆபிரிக்காவுக்கும் போனது. பத்தலகொடையில் பிறந்து 1975இல் வெளியான பி.ஜி. 90-2, மாலி நாட்டின் நைஜர் ஆற்றுப் பாசனத் திட்டத்தில் 1980களில் பரவி விளைச்சலை உயர்த்தியது. பின்னர் நெல் மஞ்சள் தேமல் வைரஸ் அதைத் தாக்கியது. 1966இல் கென்யாவில் முதலில் கண்டறியப்பட்ட நோய் அது. இங்கே இல்லாத நோய்க்கு இங்கே தெரிந்தெடுத்த நெல்லில் காப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? விதையின் மேல் பிழையில்லை. அந்த மண்ணில் நின்று தெரிந்தெடுக்கும் வேலைக்கு வேண்டிய பணம் பிந்தி வந்தது.

இன்று பணம் இல்லாமலில்லை. ஆபிரிக்க வேளாண்மையைக் காலநிலைக்குத் தயார்படுத்தும் ஆராய்ச்சிக்கு உலக வங்கி 2021இல் 6 கோடி டொலர் ஒதுக்கியது. அது மூன்றாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. இலங்கையில் காலநிலைக்கேற்ற பாசன வேளாண்மைக்கென அதே வங்கி 2019இல் தந்த கடன் 12.5 கோடி டொலர். கிழக்கு மாகாணமும் அதில் உண்டு. ஒரு நெல்லை ஒட்டுச்சேர்த்து, தெரிந்து, வெளியிட எட்டுப் பத்து ஆண்டாகும். இத்தகைய குறுங்காலத் திட்டப் பணம் குளக்கட்டைத் திருத்தும், பயிற்சிப் பட்டறை நடத்தும். புதிய நெல்லைத் தராது.

வாவிக்கரையின் உவருக்கு இதுவரை வந்த விடைகளுள் முக்கியமானது ஏ.டி. 354. பி.ஜி. 94-1ஐப் பொக்காளியோடு சேர்த்து 1992இல் வெளியிட்டார்கள். அது பிறந்த இடம் அம்பலாந்தோட்டை, பார்மரின் அதே அம்பாந்தோட்டை மாவட்டம். சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. இருந்தும் உவரும் வெள்ளமும் சேர்ந்த வயலுக்கென்று இந்தக் கரையிலேயே தொடர்ந்து தெரிந்தெடுக்க நிரந்தர ஒதுக்கீடு வேண்டும் என்பது என் முடிவு.

முருங்கைக்காயனின் ஊர் பற்றி ஒரு வேண்டுகோள். படுவான்கரைப் போடியார் வீடுகளில் பழைய விதைநெற் கணக்குக் கொப்பி எதிலாவது அந்தப் பெயர் இருந்தால், வாலோடு இருக்கிறதா, வாலின்றி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.