யூ.எஸ்.எஸ். மைக்கேல் மர்பி

யூ.எஸ்.எஸ். மைக்கேல் மர்பி என்பது ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ஆர்லி பர்க் வகையைச் சேர்ந்த ஏவுகணை நாசகாரிக் கப்பல் ஆகும். வரிசை எண் 112. 2005ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த கடற்படை லெப்டினன்ட் மைக்கேல் பி. மர்பியின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. அவர் இறந்தபோது வயது 29.

இளமை

மர்பி 1976 மே 7 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்மித்டவுனில் பிறந்து, லாங் ஐலண்டிலுள்ள பட்சோக் ஊரில் வளர்ந்தார். தந்தை வியட்நாம் போரில் காயமுற்றவர், பின்னர் வழக்கறிஞரானவர். மகனும் 1998இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலிலும் உளவியலிலும் பட்டம் பெற்றார். சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அவர் போகவில்லை. 2000ஆம் ஆண்டு கடற்படை அதிகாரியானார். கடல், வான், தரை ஆகிய மூன்றிலும் போரிடப் பழக்கப்படும் 'சீல்' சிறப்புப் படைக்கான கடும் பயிற்சியை அடுத்த ஆண்டு தொடங்கினார்.

குனார் மலையில்

2005 ஜூன் 27 இரவு, குனார் மாகாணத்தின் மலைப்பகுதியில் நான்கு சீல் வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்டனர். அகமது ஷா என்ற ஆயுதக்குழுத் தலைவனின் நடமாட்டத்தை மறைந்திருந்து கவனிப்பது அவர்களுடைய பணி. குழுவின் தலைவர் மர்பி. மறுநாள் உள்ளூர் ஆட்டிடையர்கள் சிலர் தற்செயலாக அவர்களைப் பார்த்துவிட்டனர். இடையர்களிடம் ஆயுதம் இல்லை. விட்டுவிட்டால் செய்தி எதிரிக்குப் போகலாம். கொன்றால் அது போர்ச் சட்டத்துக்கே விரோதம். அவர்களை விட்டுவிட்டனர்.

சற்று நேரத்தில் தாக்குதல் தொடங்கியது. எதிரிகள் 30 முதல் 40 பேர் என்கிறது பின்னாளைய விருதுச் சான்றுரை. நால்வரும் காயமுற்றனர். மலையிடுக்கில் தகவல் தொடர்புக் கருவிகள் பயன்படவில்லை. சமிக்ஞை கிடைக்க வேண்டுமானால் பாறை மறைவை விட்டுத் திறந்த வெளிக்கு வர வேண்டும். ஏற்கெனவே காயமடைந்திருந்த மர்பி அப்படியே வெளியே வந்து தலைமையிடத்தை அழைத்தார். இருக்குமிடத்தையும் எதிரிகளின் பலத்தையும் சொல்லி உதவி கேட்டார். பேச்சின் நடுவே முதுகில் குண்டு பாய்ந்து கருவி கைநழுவியது. அதை எடுத்துப் பேசி முடித்த பிறகே மீண்டும் சண்டைக்குத் திரும்பினார்.

அழைப்பைக் கேட்டு விரைந்த சினூக் ஹெலிகாப்டரை ராக்கெட் குண்டு வீழ்த்தியது. அதிலிருந்த 16 பேரும் மாண்டனர். மலையில் மர்பி, டானி டீட்ஸ், மாத்யூ ஆக்சல்சன் ஆகிய மூவர் இறந்தனர். ஒரே நாளில் 19 பேர். மார்கஸ் லட்ரெல் மட்டும் பிழைத்தார். பஷ்தூன் கிராமத்தவரான முகமது குலாப் அவருக்கு அடைக்கலம் கொடுத்ததே அதற்குக் காரணம். இந்நிகழ்வைப் படிப்போர் குலாபின் துணிவையும் மறக்கலாகாது.

இடையர்களை விடுவதா வேண்டாமா என்று நால்வரும் வாக்கெடுத்ததாக லட்ரெல் 2007இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பொறுப்பான அதிகாரி அப்படி வாக்குக் கேட்டிருக்க மாட்டார் என்று மர்பியின் தந்தை மறுத்தார். முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டிருந்தாலும் அதன் பொறுப்பு குழுத் தலைவருடையதே. தந்தையின் வருத்தம் நியாயமானதாகவே தோன்றுகிறது.

விருதும் கப்பலும்

2007 அக்டோபர் 22 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'மெடல் ஆஃப் ஆனர்' பதக்கத்தை மர்பியின் பெற்றோரிடம் வழங்கினார். ஆப்கானிஸ்தான் போருக்காக அளிக்கப்பட்ட முதல் மெடல் ஆஃப் ஆனர் அதுதான்.

அமெரிக்கக் கடற்படையில் கப்பலுக்குப் பெயரிடும் அதிகாரம் கடற்படைச் செயலரிடம் உள்ளது. நாசகாரிகளுக்குக் கடற்படை, மரைன் படை வீரர்களின் பெயர்களை வைப்பது நெடுநாள் மரபு. 2008 மே 7 அன்று, அதாவது மர்பியின் பிறந்த நாளில், பெயர் அறிவிக்கப்பட்டது. மெய்ன் மாநிலத்திலுள்ள பாத் அயர்ன் வொர்க்ஸ் தளத்தில் கப்பல் உருவானது. 2011 மே 7 அன்று, உயிருடன் இருந்திருந்தால் மகனுக்கு 35 வயது நிறைந்திருக்கும் நாளில், தாய் மொரீன் மர்பி கப்பலின் முகப்பில் ஷாம்பெய்ன் புட்டியை உடைத்துப் பெயர் சூட்டினார். பின்லேடனைச் சீல் படையினர் கொன்று ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. 2012 அக்டோபர் 6 அன்று நியூயார்க் நகரத் துறையில் கப்பல் பணியில் சேர்க்கப்பட்டது.

நீளம் சுமார் 155 மீட்டர். எடை 9,000 டன்னுக்கு மேல். நான்கு வாயுச் சுழலிகள் மணிக்கு 30 கடல் மைலுக்கும் கூடுதலான வேகத்தைத் தருகின்றன. ஏவுகணைகளை நேர்மேலாகச் செலுத்த 96 அறைகள் உள்ளன.

மர்பியின் பெயர் உடற்பயிற்சிக் கூடங்களிலும் வழங்குகிறது. ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 உட்கார்ந்தெழுதல், மீண்டும் ஒரு மைல் ஓட்டம் என அவர் செய்துவந்த பயிற்சியை, போரில் இறந்தோரை நினைவுகூரும் மே மாத நாளில் பலர் 'மர்ப்' என்ற பெயரில் செய்கின்றனர்.

கப்பலுக்குத் தாய்த் துறைமுகமாக ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் ஒதுக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானுக்குப் புறப்படுமுன் மர்பி பணியாற்றிய சீல் பிரிவின் தளமும் அங்கேதான் இருந்தது.