சிங்கபுரங்களும் பத்திரேசுவரரும்

சிங்கப்பூர் என்றதும் நம் நினைவில் எழுவது ஒரு நகரமே. ஆயின் அப்பெயரின் பழைய வடிவாகிய சிங்கபுரம் பல நாடுகளில் வழங்கியதாகும். கலிங்கத்து மாடர மன்னர் சிங்கபுரத்திலிருந்து செப்பேடுகள் அளித்தனர். தாய்லாந்தில் சிங்புரி உளது. 7-ஆம் நூற்றாண்டில் சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்த சிங்கபுரம், இன்றைய பாகிஸ்தானத்தின் உப்பு மலைத்தொடரில், கட்டாசு என்னும் சிவத்தலத்தை அடுத்து இருந்ததென ஆய்வாளர் கருதுவர். தாட்சாயணியைப் பிரிந்த பெருமான் சிந்திய கண்ணீரே அத்தலத்துக் குளமாயிற்று என்பது அங்கு வழங்கும் வரலாறு.

துமாசிக் தீவில் இறங்கிய இளவரசன் ஒருவன் விந்தையான விலங்கைக் கண்டு, அதனைச் சிங்கமெனக் கொண்டு ஊருக்கு அப்பெயர் இட்டான் என்று மலாய் நூலாகிய செஜாரா மெலாயு கூறும். அத்தீவில் சிங்கம் வாழ்ந்ததே இல்லை! அரியணைக்குரிய விலங்கின் பெயரை வேந்தர் தம் நகருக்கு விரும்பினர். காட்டில் அது உண்டா என்று எவர் கேட்டார்?

இனி, நம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது சம்பா நாட்டுச் சிங்கபுரம். இற்றை நடு வியட்நாமில் உள்ள திரா கியூ என்னும் ஊரே அது. அதனை அடுத்து, மலைகள் சூழ்ந்த மீசோன் பள்ளத்தாக்கில், 4-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆண்ட பத்திரவர்மன் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து, தன் பெயரையும் இணைத்துப் பத்திரேசுவரர் எனத் திருநாமம் சூட்டினான். நான்கு எல்லையும் குறித்து நிலம் ஈந்த அவன், அதனை அழிக்க வேண்டா எனப் பின்வரும் வேந்தரை வடமொழிக் கல்வெட்டில் இரந்து வேண்டுகின்றான். தருமம் காப்பவர் திருவடி தம் தலைமேல் எனப் பொறித்த நம் நாட்டு மன்னரின் நெஞ்சமே அங்கும் பேசுகின்றது.

அக்கோயில் தீக்கிரையாயிற்று. சம்புவர்மன் அதனைப் புதுப்பிக்க, இறைவர் சம்புபத்திரேசுவரர் ஆனார். பின்வந்தோரும் செங்கற்கோயில்கள் பல எழுப்பினர். காலப்போக்கில் சிங்கபுரம் என்னும் பெயர் அவ்வூரில் வழக்கொழிந்தது. 1969-இல் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் அங்கிருந்த பெருங்கோயில் இடிந்து வீழ்ந்தது. பத்திரவர்மன் வேண்டியது அரசரிடம். விமானத்தில் வந்தவர் அக்கல்வெட்டைப் படித்தவரல்லர்.

எஞ்சியவற்றை 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பின்னர் நம் நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்குச் சென்று பழுது பார்த்தனர். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், அவர்கள் மண்ணை அகற்றுங்கால், 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, ஒரே கல்லாலாகிய சிவலிங்கத் திருமேனி வெளிப்பட்டது.