வெறுங்கையின் வரலாறு

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்று நான் கராத்தே பயிலத் தொடங்கியபோது எனக்கு வயது பதினான்கு. என்னை இகழ்ந்த ஒருவனை வீழ்த்துவதே என் நோக்கம். ஆசிரியரோ, ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும் திடலில் எங்களை வரிசையாக நிறுத்தி, நேர்க்குத்து ஒன்றையே வாரக்கணக்கில் பயிற்றினார். இடுப்பருகே மடக்கிய கை நேரே முன்செல்லும். மேல்நோக்கியிருந்த உள்ளங்கைப் புறம் இறுதியில் கீழ்நோக்கித் திரும்பும். அதே கணத்தில் மற்றக் கை இடுப்புக்கு மீளும். எதிரே இருந்தது காற்று மட்டுமே.

அவ்வகுப்பின் மூலத்தைப் பின்னாளில் படித்தறிந்தேன். ஒக்கினாவாத் தீவில் நெடுங்காலம் மறைவாகவே கற்பிக்கப்பட்ட இக்கலையை, 1901-இல் அங்கோ இட்டோசு என்னும் ஆசான் பள்ளிக்கூடத்துக்குக் கொணர்ந்தார். தனியொருவனோடு சண்டையிடுவதற்கு உரியதன்று இது என்று 1908-இல் எழுதிய கடிதத்தில் அவர் வற்புறுத்தினார். அவருடைய மாணவர் கிச்சின் பூனகோஷி 1922-இல் தோக்கியோவில் இதனை நிகழ்த்திக் காட்டினார். 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்தால் குறிக்கப்பட்டு வந்த 'கராத்தே' என்னும் பெயரை, ஒலி மாறாமல் 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்தால் குறிக்க 1936-இல் நாகா நகரில் கூடிய ஆசான்கள் இசைந்தனர். நம் குத்துவரிசையிலும் வெறுங்கையே படைக்கலம் அன்றோ!

சில திங்கள் கழித்து அவன் மீண்டும் என்னை இகழ்ந்தான். என் கை மடங்கியது, ஆனால் முன்செல்லவில்லை. நீளக் கற்ற கை, மீளவும் கற்றிருந்தது.