கச்சேரியும் கோப்பித் தோட்டமும்
அரச சேவையாளரின் பக்கத்தொழில் பற்றி மாத்தளை வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், எரிபொருளும் உணவும் தட்டுப்பட்டிருந்த வேளையில், இலங்கை அமைச்சரவை அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கிப் பயிர்ச்செய்கையில் ஈடுபடுமாறு ஊக்குவித்தது. அதே ஆண்டில், சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாவண்ணம் ஐந்து ஆண்டுகள்வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று, உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேறு தொழில் புரியவும் இடமளிக்கப்பட்டது. ஊழியரைத் தாங்கமுடியாத அரசு அவர்களைத் தோட்டத்தை நோக்கி அனுப்புவது இந்நாட்டு வரலாற்றில் இதுவே முதற்றடவையன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானிய ஆட்சியும் இத்தகையதொரு வழியை நாடியது. அன்று தோட்டத்துக்குச் சென்றவர்கள் சிற்றூழியரல்லர். தேசாதிபதி முதலாக நீதிபதி, அரசாங்க அதிபர், படையதிகாரி ஈறாக ஆட்சியின் உச்சியில் இருந்தவர்கள். அவர்களது பக்கத்தொழில் கோப்பி. அதன் விலையை இறுத்த இடங்களுள் முதன்மையானது மாத்தளை.

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ‘வெள்ளைத் துரைமார் வந்தனர், காட்டை அழித்தனர், கோப்பி நட்டனர்’ என்றே தொடங்குவர். இது பாதி உண்மையே. முதற்றலைமுறைத் தோட்டத்துரைமாரிற் பலர் தோட்டத்துரைமாராக வந்தவர்களல்லர். அரசாங்க உத்தியோகத்தராக வந்தவர்கள். உத்தியோகம் எவ்வாறு தோட்டமாயிற்று, அம்மாற்றம் யாருடைய வாழ்வைக் குலைத்தது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சம்பளக் குறைப்பும் ஓய்வூதிய நீக்கமும்

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1818 இன் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் மலைநாட்டை ஊடறுத்து வீதிகள் அமைக்கும் பணி தொடங்கிற்று. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பாண்ஸ் இப்பணியை முன்னின்று நடத்தியவர். பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் அவரே ஒரு கோப்பித் தோட்டத்தையும் வைத்திருந்தார். ஆளுபவரே பயிரிடுபவராக இருந்தமை அன்று குற்றமாகக் கருதப்படவில்லை. நாட்டை வளப்படுத்தும் முன்மாதிரியாகவே அது போற்றப்பட்டது.

அடுத்த மாற்றம் கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவோடு வந்தது. அதன் விதப்புரைகளின் வழியே 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833 இல் கறுவா ஏகபோகம் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சட்டநிரூபண சபையும் அமைந்தது. வரலாற்று நூல்கள் இவற்றையே விரித்துரைக்கின்றன. எமக்கு இங்கு முக்கியமானது அவ்வாணைக்குழுவின் மற்றொரு முகமாகும். வருமானத்தை விஞ்சி நின்ற செலவைக் குறைத்தல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஆகவே சிவில் சேவையாளரின் சம்பளங்கள் வெட்டப்பட்டன, ஓய்வூதியம் நீக்கப்பட்டது, பதவியுயர்வும் சேவைமூப்பையே பெரிதும் சார்ந்திருந்தது.

இங்கிலாந்திலிருந்து இளமையில் வந்து, முதுமையில் வெறுங்கையோடு திரும்பவேண்டியவன் யாதுசெய்வான்? முதுமைக்கான சேமிப்பைத் தானே தேடுவான். பயிர்ச்செய்கையில் ஈடுபட அவனுக்குத் தடை இருக்கவில்லை. எனவே பின்னர் நிகழ்ந்தவற்றைத் தனிமனிதரின் பேராசையாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. சிக்கனம் என்ற பெயரில் அரசே தன் சேவையாளரைச் சந்தையை நோக்கித் தள்ளியது எனலாம்.

2. ‘கோப்பிப் பித்து’

அவ்வேளையில் உலகச் சந்தையின் நிலையும் இதற்கு இசைவாக இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதன்பின் அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. 1835 இல் பிரித்தானியா, இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் விதித்த இறக்குமதித் தீர்வையைச் சமமாக்கியது. முடிக்குரிய நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அடிப்படை விலைக்குக் கிடைத்தது. 1834 இல் விற்கப்பட்ட முடிக்குரிய நிலம் சில நூறு ஏக்கர்களே. 1841 இல் அது 78,000 ஏக்கரைத் தாண்டியது. ஏழு ஆண்டுகளில் நிகழ்ந்த இப்பாய்ச்சலையே ‘கோப்பிப் பித்து’ என்கின்றனர்.

நிலத்தை வாங்கியோர் யாவர்? 1845 இல் குடியேற்றநாட்டுச் செயலாளராக வந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், பின்னர் தாம் எழுதிய இலங்கை பற்றிய நூலில், தேசாதிபதியும் சபையினரும் படையினரும் நீதிபதிகளும் மதகுருமாரும், சிவில் சேவையாளரிற் பாதிப்பேரும் இவ்வாறு காணி வாங்கியோர் எனக் குறிப்பிடுகின்றார். 1837 முதல் 1841 வரை தேசாதிபதியாயிருந்த ஸ்ருவேட் மக்கென்சி வாங்கியோருள் ஒருவர். ரெனன்றுக்கு முன் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த பிலிப் அன்ஸ்றதர் பெருந்தோட்டச் சொந்தக்காரருள் ஒருவர். மலைநாட்டு வீதிகளை அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னரும் கோப்பிக் காணியில் முதலிட்டவரே.

3. பதவியே முதல்

சாதாரண வணிகன் ஒருவனுக்கு முதல் வேண்டும், செய்தி வேண்டும், காவல் வேண்டும். உத்தியோகத்தனுக்கு இம்மூன்றையும் அவனது பதவியே அளித்தது. எக்காடு வளமானது, எக்கிராமத்தார் உரிமைகோரும் நிலம் எது என்பவை அவனுக்குக் கச்சேரி அலுவலின்வழியே தெரிந்தன. வீதி எவ்வழியே செல்லும் என்பதைத் தீர்மானித்தோரும், நிலத்தை அளந்து ஏலத்தில் விடுவோரும், எல்லைத் தகராற்றைத் தீர்க்கும் நீதிமன்றில் அமர்ந்தோரும் ஒரே சிறு வட்டத்தினர். அவ்வட்டத்தினரே வாங்குவோராகவும் இருந்தனர்.

இவர்கள் யாவரும் ஊழல் புரிந்தனர் என்பது எமது வாதமன்று. ஒருவர் தம் பதவியை நேர்மையாகவே வகித்திருக்கலாம். ஆயினும் விற்போனும் வாங்குவோனும் ஒருவனாகிவிட்ட அமைப்பில் தனிமனித நேர்மை பெரும் பயனைத் தராது. கிராமத்தான் ஒருவன் தன் நிலம் பறிபோயிற்று என முறையிடச் செல்லும் கச்சேரியில், அதே வகை நிலத்தில் முதலிட்டவர் அமர்ந்திருக்கும்போது, அம்முறைப்பாடு எவ்வாறு செவிமடுக்கப்படும்? அன்றாட நிருவாகமும் தளர்ந்தது. தோட்டத்தைப் பார்க்கச் சென்றவருக்குக் கச்சேரி இரண்டாவது அலுவலாயிற்று.

4. கிராமத்தவரின் பக்கத்தொழில்

இக்கட்டத்தில் மாத்தளைக் கிராமத்தை நோக்குதல் வேண்டும். அங்கு வயல், வீட்டுத்தோட்டம், சேனை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு குடும்பத்தைத் தாங்கின. வயல் பொய்த்த ஆண்டில் சேனையின் குரக்கனே பசியைத் தீர்த்தது. நகரத்து உத்தியோகத்தனுக்குக் கோப்பி எவ்வாறு துணைவருமானமோ, அவ்வாறே கிராமத்தவனுக்குச் சேனை துணைவாழ்வாக இருந்தது. அரசு இவ்விரு பக்கத்தொழில்களையும் நோக்கிய விதமே அதன் வர்க்கச் சார்பைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கொண்டது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலத்துக்கு உரிமைகோருவோர் சன்னசு முதலிய சான்றையோ வரி செலுத்தியமைக்கான ஆதாரத்தையோ காட்டவேண்டியிருந்தது. சேனை ஆண்டுதோறும் பயிரிடப்படுவதன்று. பல ஆண்டுகள் காடாக விடப்பட்டு மீண்டும் வெட்டப்படுவது. எழுத்தாவணத்தின்றித் தலைமுறை வழக்கால் அனுபவிக்கப்பட்டது. காடாக விடப்பட்டிருந்த ஆண்டில் அளவையாளன் வந்தால் அது ‘தரிசு’ ஆயிற்று. இவ்வாறு ஒருவரது பக்கத்தொழிலுக்கு இடமளிப்பதற்காக மற்றொருவரது பக்கத்தொழில் சட்டத்தால் பறிக்கப்பட்டது.

ஆயினும் கிராமத்தவர் கோப்பியை அறியாதவரல்லர். வீட்டுத்தோட்டத்தில் அவர்கள் வளர்த்த கோப்பி, ‘நாட்டுக் கோப்பி’ என்ற பெயரில் ஏற்றுமதியிற் கணிசமான பங்கை வகித்தது. எனவே சந்தையோடு இணைய மறுத்த சோம்பேறிக் குடியானவன் என்று குடியேற்றவாத எழுத்தாளர் தீட்டிய சித்திரம் உண்மைக்குப் புறம்பானதாகும். அவர்கள் சந்தையை மறுக்கவில்லை. தம் நிலத்தையும் இருப்பையும் விட்டுவிட்டுத் தோட்டத்திற் கூலியாவதையே மறுத்தனர்.

அவ்விடத்தை நிரப்ப அழைத்துவரப்பட்டோர் தமிழகத்தின் வறிய உழவர்கள். திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டு, கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே ஏறக்குறைய 150 மைல் நடந்து அவர்கள் மலையடிவாரத்தை அடைந்தனர். மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை எனத் தொடரும் அவ்வடபாதை வந்துசேரும் ஊர் மாத்தளை. குடிநீரின்மை, வாந்திபேதி, காய்ச்சல் ஆகியவற்றால் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் வரலாறு இம்மக்களின் வருகையோடு இணைத்தே இன்றும் பேசப்படுகின்றது. உத்தியோகத்தன் கோப்பியைக் கொண்டு தன் சேவையிலிருந்து வெளியேறலாம். கங்காணியிடம் முற்பணக் கடன்பட்டு வந்த தொழிலாளிக்கோ வெளியேறும் வழி எளிதாக இருக்கவில்லை.

5. 1845: வெளியேற்றம்

நிருவாகத்தின் சீர்கேடு இலண்டனுக்கும் எட்டியது. குடியேற்றநாட்டமைச்சர் ஸ்ரான்லிப் பிரபு வகுத்த சீர்திருத்தம் 1845 இல் நடைமுறைக்கு வந்தது. சேவையாளர் இலாபங் கருதிப் பயிர்ச்செய்கையிலும் வணிகத்திலும் ஈடுபடுதல் தடுக்கப்பட்டது. அதற்கு ஈடாகச் சம்பளம் உயர்த்தப்பட்டது. ஓய்வூதியம் மீள வழங்கப்பட்டது. சேவைமூப்போடு தகுதியும் பதவியுயர்வுக்கு அளவுகோலாயிற்று. தடையும் சம்பள உயர்வும் ஒருங்கே வந்தமை கவனிக்கத்தக்கது. வயிற்றுக்குப் போதிய ஊதியம் கொடாமல் ஒழுக்கத்தை மட்டும் கட்டளையிட முடியாது என்பதைப் பத்தாண்டுகளின் கசந்த அனுபவம் ஆட்சியாளருக்கு உணர்த்தியிருந்தது.

இனி, பதவியா தோட்டமா என்ற வினா எழுந்தது. எனினும் பதவியை விட்டு நீங்கிய முதல் நாட்டைவிட்டு நீங்கவில்லை. 1854 இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் உருவாயிற்று. முன்னர் கச்சேரி மேசைக்குப் பின்னால் இருந்த நலன், இப்போது மேசைக்கு முன்னால் நின்று வீதி கேட்டது, புகையிரதம் கேட்டது, தொழிலாளர் சட்டம் கேட்டது. 1867 இல் கண்டிக்கும் 1880 இல் மாத்தளைக்கும் புகையிரதம் வந்தமை இக்கோரிக்கைகளின் வலிமையைக் காட்டும். உத்தியோகத்தனின் சட்டைப்பையிலிருந்த முரண்பாடு மறைந்து, அரசுக்கும் ஒரு வர்க்கத்துக்கும் இடையிலான உறவாக உருமாறிற்று. 1845 இன் சீர்திருத்தம் உத்தியோகத்தரைத் திருத்தியது. பறிக்கப்பட்ட சேனையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

6. 1848: மாத்தளையின் மறுமொழி

1847 இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட வணிக நெருக்கடியோடு கோப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அரச வருமானமும் வீழ்ந்தது. புதிதாக வந்த தேசாதிபதி தொறிங்ரன் பிரபு, தீர்வை இழப்பை ஈடுசெய்யத் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின்மேல் வரி விதித்தார். வீதிக் கட்டளைச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பையோ மூன்று சிலிங் பணத்தையோ வேண்டிற்று. ஒழிக்கப்பட்ட இராசகாரியம் புதிய உருவில் வந்ததென்று மக்கள் கருதியதில் வியப்பில்லை. கோப்பி செழித்தபோது சேனையை இழந்தவர்கள், கோப்பி வீழ்ந்தபோது வரியையும் சுமக்கவேண்டியதாயிற்று.

1848 யூலை 26 இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். யூலை 28 இல் பூரண் அப்பு முதலியோர் தலைமையில் மக்கள் மாத்தளைக்குள் நுழைந்து கச்சேரியைத் தாக்கினர். கோப்பிக் களஞ்சியங்களும் தப்பவில்லை. மறுநாள் கண்டியிலிருந்து வந்த படை வாரியப்பொலவில் அவர்களைச் சிதறடித்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஓகத்து 8 இல் பூரண் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். எல்கடுவையிற் பிடிபட்ட கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். அடக்குமுறையின் கொடுமை பிரித்தானியப் பாராளுமன்றின் விசாரணைக்கு இலக்காகி, 1850 இல் தொறிங்ரன் பதவியிழந்தார்.

கிளர்ச்சியாளர் முதலில் தாக்கியவை எவை என்பது ஈண்டு சிந்தனைக்குரியது. கச்சேரி, கோப்பிக் களஞ்சியம் ஆகிய இரண்டும் ஒன்றே என்பதை ஆராய்ச்சியாளர் ஆவணங்களிற் கண்டறிவதற்கு வெகுகாலம் முன்னரே மாத்தளை மக்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு கருத்துகள் பெறப்படும். முதலாவது, அரச சேவையாளன் பக்கத்தொழிலை நாடுவதற்கான வேர் அவனது மனத்தில் மட்டுமன்று, அரசின் வரவு செலவுக் கணக்கிலும் உள்ளது. இரண்டாவது, பக்கத்தொழில் என்பது எல்லோர்க்கும் ஒரே பொருளையுடையதன்று. அதிகாரமுடையவன் கையில் அது பொதுப்பதவியைத் தனியுடைமையாக மாற்றும் கருவி. அதிகாரமற்றவன் கையில் அது உயிர்வாழ்வதற்கான பற்றுக்கோடு.

2022 இல் வெள்ளிக்கிழமை விடுமுறையில் மரவள்ளி நட்ட எழுதுவினைஞரை 1841 இல் ஏலத்தில் ஆயிரம் ஏக்கர் எடுத்த அதிகாரியோடு ஒப்பிடுதல் அநீதியாகும். முன்னவர் நிலை சேனைக் குடியானவனின் நிலைக்கே அண்மையது. ஆனால் அளவையும் ஏலமும் அனுமதிப்பத்திரமும் எவர் கையில் உள்ளனவோ அவர் பக்கத்தொழில் தொடங்கும்போது, அந்நிலம் யாருடைய சேனையாக இருந்தது என்ற வினாவை நாம் கேட்டேயாகவேண்டும். மாத்தளை வரலாறு எமக்கு விட்டுச்சென்ற வினா அதுவே.