முதற்பதிப்பு என்கிற அதிகாரம்

தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் பேச ஆரம்பித்தாலே பேச்சு ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது: யார் முதல்ல? தாமோதரம் பிள்ளையா, சாமிநாதையரா? யாழ்ப்பாணமா, தஞ்சாவூரா? வேளாளரா, பார்ப்பனரா? எம்.ஏ. தமிழ் படித்தபோது நானும் முதற்பதிப்பு ஆண்டுகளை மனப்பாடம் செய்தேன். அந்தப் பதிப்பில் அச்சானது என்ன என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

1885இல் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று வெளியிட்டார். ஏடுகள் ஒடிந்து செல்லரித்துக்கொண்டிருந்தன. அந்தப் பதைப்பு அவருடைய பதிப்புரைகளில் தெரியும். அவருக்குப் போட்டி கறையான்தான். ஆனாலும் அவசரம் அவசரம்தானே. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்ற கடைசி நான்கு இயல்களில் அச்சானது பேராசிரியர் உரை. அட்டையில் நச்சினார்க்கினியர். இரண்டு உரைநடைகளையும் நிதானமாகப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பிடிபடக்கூடிய வேறுபாடு இது. 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழில் ரா. இராகவையங்கார் காரணம் காட்டி எழுதிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை பின்னால் தனியே கிடைத்து அச்சானது. தமிழின் பெரிய விமர்சன மனம் ஒன்று, அச்சுலகில் பதினேழு ஆண்டுகளுக்குக் குறையாமல் வேறொருவர் பெயருக்குள் கிடந்திருக்கிறது.

இதற்காகப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. அவர் அச்சிட்டதால்தான் திருத்தவே முடிந்தது. பெட்டிக்குள் பூட்டி வைத்த ஏட்டை யார் திருத்துவது?

சிந்தாமணி விவகாரம் வேறு. பிள்ளை ஏட்டுப் பிரதி கேட்டார், ஐயர் கொடுக்கவில்லை, 1887இல் தானே பதிப்பித்தார். இதை ‘என் சரித்திர’த்தில் ஐயரே சொல்கிறார். பிள்ளை பக்கத்துக் கதையைச் சொல்ல அப்படியொரு தன்வரலாறு இல்லை என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும். பழைய ஏடுகளை அவர்கள் அளவுக்குத் தேடியவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை. ஒரே கும்பகோணத்தில் இருந்தும் இருவரும் ஒரு நூலுக்குச் சேர்ந்து உட்காரவில்லை. நமக்கு இழப்பு அதுதான். யார் ஜெயித்தார் என்பது சாதிச் சங்கங்களின் கவலை.

ஐயரின் பெருமை எனக்கு 1887இல் இல்லை. 1907, 1922 என்று அதே நூலுக்குத் திரும்பி வந்து, புதிய பிரதிகளோடு ஒப்பிட்டுத் தன் பதிப்பையே திருத்தினார் பாருங்கள், அங்கே இருக்கிறது. விழா மேடைகளில் இந்த ஆண்டுகளை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை என்று புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. பிறகு கணக்கு மாறியது, ஓட்டம் மாறவில்லை. ‘இதுவரை யாரும் ஆராயாதது’ என்றுதான் தமிழாய்வு முன்னுரைகள் ஆரம்பிக்கின்றன. ஐயரின் மூன்று சிந்தாமணிப் பதிப்புகளையும் வரிக்கு வரி வைத்துப் பாடபேதம் பார்க்கிறேன் என்று ஒரு மாணவி வந்தால், ‘அதெல்லாம் ஏற்கெனவே வந்ததுதானேம்மா’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.