செல்லாக் காசு

வடகரையில் ஒரு பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு. தீப்பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து முதல் பெஞ்சுப் பையனின் உள்ளங்கையில் வைத்தேன். சட்டைப் பொத்தான் அளவு, ஒரு கிராமுக்குச் சற்று அதிக எடை, பச்சை பூத்த செம்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "யாரோ மூட்டைய இழுத்துட்டுப் போறாங்க அண்ணே."

மூட்டை இல்லை, மனிதன். வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். தியோடோசியஸ், அர்க்காடியஸ் காலத்தில், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரோமப் பேரரசின் நாணயச் சாலைகள் அடித்துத் தள்ளிய சில்லறை இது. சுற்றியுள்ள எழுத்துக்குப் பொருள் 'நாட்டின் நலம்'. கைதியை இழுப்பதுதான் நாட்டின் நலமாம்!

"இத வச்சு என்ன வாங்கலாம்?" என்றான் பக்கத்துப் பையன். அறிஞர்களையே குழப்பிய கேள்வி. 1898இல் புதுக்கோட்டை கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அது புரிகிறது, எந்த ஊருக்குப் போனாலும் தங்கம் தங்கம்தான். தேய்ந்த செம்பு எதற்குக் கடல் தாண்டி வந்தது? மதுரையில் செப்புக்காசுகள் இவ்வளவு கிடைப்பதைப் பார்த்த ராபர்ட் சீவெல், ரோமர்களே அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று 1904இல் எழுதினார்.

எனக்கு அது ஒட்டவில்லை. இலங்கையில் இதே வகைக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த காசுகளும் கிடைத்திருக்கின்றன. ரோமர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சந்தைக்குச் சில்லறை வேண்டும். எந்த ராஜா முகம் இருந்தால் என்ன, கீரைக்காரம்மா வாங்கிக்கொண்டால் அது காசு.

தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த இந்தப் பிற்காலச் செப்புக்காசுகளுக்கென்றே 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். பொற்காசுக்கு மியூசியம் காத்திருக்கும். செம்பை எடைக்குப் போட்டு உருக்கிவிடுவார்கள். அவர் போன்றவர்கள் வாங்கி வைத்ததால்தான் இவ்வளவாவது தப்பித்தது.

ஆனால் வாங்குவதிலும் ஒரு வினை இருக்கிறது. இந்தக் காசை நான் இன்ஜினியரிங் படிக்கும்போது கரூரில் வாங்கினேன். அமராவதி மணலைச் சலித்து எடுத்தவரிடம் வாங்கியவரிடம் வாங்கியவர் எனக்கு விற்றார். அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோதும் ரோமக் காசுகள் கிடைத்தன. அங்கே எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்ன பானையோடு என்று குறித்துவைக்க ஆள் இருந்தது. என் தொழில் பாஷையில் சொன்னால், என்னிடம் ஃபைல் மட்டும் இருக்கிறது, மெட்டாடேட்டா போய்விட்டது. போக்கியதில் என் 200 ரூபாய்க்கும் பங்குண்டு.

காசு கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. ஒரு பெண் அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்தாள். அடியில் பேர், வருஷம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"எங்க கிடைச்சது அண்ணே?"

"கரூர்ல. ஆத்துல."

"ஆத்துல எந்த இடத்துல?"

அனுமன் நதியில் குளித்து வளர்ந்த பிள்ளை. ஆற்றில் ஒவ்வொரு திட்டுக்கும் அவளுக்கு ஒரு பேர் தெரியும்.

"தெரியலம்மா" என்றேன். அவள் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தாள்.